கொழிஞ்சாம்பாறை ஓ.இ.டி. வகுப்பு: கூடப் போகிறவருக்கும் பாடம் உண்டு

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் நடக்கிற ஓ.இ.டி. (மருத்துவத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு) பயிற்சி வகுப்பு எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். என் மனைவி அங்கேதான் படித்தாள், நானும் படித்தேன், அதனால் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் நர்ஸ் வேலை வேண்டுமென்றால் ஓ.இ.டி.யில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் பி, எழுத்தில் சி பிளஸ் வாங்க வேண்டும். பாலக்காட்டில் நாங்கள் பார்த்த வகுப்புகளில் எல்லாம் மலையாளத்தில்தான் விளக்குகிறார்கள். வண்ணாமடை, வேலந்தாவளம் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்த பெண்களுக்கு அது இரண்டு வேலை. இங்கே டீச்சர் தமிழில் சொல்லிக்கொடுக்கிறார், அவரே அந்த நாட்டு மருத்துவமனையில் வேலை பார்த்துத் திரும்பியவர்.

எழுத்துப் பாடம்தான் இங்கே உயர்வு. தேர்வில் ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளை (கேஸ் நோட்ஸ்) கொடுத்துக் கடிதம் எழுதச் சொல்வார்கள், அதில் இருப்பதை எல்லாம் கடிதத்தில் கொட்டிவிடுவதுதான் நம் பிள்ளைகளின் பழக்கம். அந்தக் கடிதத்தை வாங்கிப் படிக்கப்போகிற டாக்டருக்கு எது தேவை, எது வேண்டாம் என்று டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாக அடித்துக் காட்டுகிறார். பேச்சுப் பயிற்சியில் அவரே நோயாளியின் கோபக்கார மகனாக மாறிக் கத்துவார், அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லிப் பழக வேண்டும். குறை இல்லாமல் இல்லை. திருத்திய தாள் கைக்கு வர ரொம்ப நாள் ஆகிறது. கேட்டல் பயிற்சிக்கு ஹெட்போன் கிடையாது, ஒரே ஸ்பீக்கர், சாயங்காலம் கீழே பொள்ளாச்சி பஸ் ஹாரன் அடித்தால் பாதி வாக்கியம் போய்விடும்.

நான் இதை எழுத உட்கார்ந்ததே ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்காகத்தான். நர்ஸோடு துணையாகப் போகிற கணவன் அல்லது மனைவிக்குத் தனியாக ஆங்கிலம், அதற்குக் காசு வாங்குவதில்லை. டாக்டரிடம் நேரம் கேட்பது, பிள்ளையின் பள்ளியில் பேசுவது, வாடகை ஒப்பந்தம் படிப்பது என்று அன்றாடத் தேவையிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள்.

கூடப் போகிறவருக்கும் மொழி கற்றுக்கொடுக்க வேண்டும் என்று இந்த மாடி அறைக்குப் புரிந்தது இங்கிலாந்து அரசியல்வாதிகளுக்குப் புரியவில்லையே என்றுதான் எனக்குக் கோபம். குடியேறுகிறவர்கள் ஆங்கிலம் கற்கவில்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள், ஆனால் இங்கிலாந்தில் வந்தவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க ஒதுக்கிய பணம் 2010-இல் 20.3 கோடி பவுண்டாக இருந்தது, 2016-இல் 9 கோடியாகச் சுருங்கிவிட்டது. அப்படிக் குறைத்த ஆட்சியின் பிரதமர் கேமரூன்தான் அதே 2016 ஜனவரியில், முஸ்லிம் பெண்கள் ஆங்கிலம் கற்க 2 கோடி தருகிறேன் என்றார், முன்னேறாதவர்கள் நாட்டில் தங்க முடியாமல் போகலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். கட்சி மாறியும் பேச்சு மாறவில்லை. பின்னால் வந்த தொழிற்கட்சியின் ஸ்டார்மர் அரசு வெளியிட்ட 2025 மே வெள்ளை அறிக்கை, வேலைக்கு வருகிறவரின் துணைக்கும் அடிப்படை ஆங்கிலத் தேர்வு வேண்டும் என்கிறது. சரி, கற்கிறோம். ஆனால் அங்கே போய் இறங்கிய துணை, அரசுப் பணத்தில் நடக்கும் வகுப்பில் சேர, பொதுவாக மூன்று வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும். மொழி அதிகம் தேவைப்படுவதே அந்த முதல் மூன்று வருடத்தில்தானே? அரசே கேட்கிற மொழித் தகுதியை வளர்த்துக்கொள்ளும் வழியை அடைத்துவிட்டு, அப்புறம் ஒட்டாமல் வாழ்கிறார்கள் என்று பழி சொல்வது நியாயமே இல்லை.

நாம் இருக்கிற கேரளத்தையே பாருங்கள். 2017-இல் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டார்கள், அதில் நம் தமிழ்ப் பிள்ளைகளை நினைத்து எனக்கு வருத்தம் உண்டு, அது வேறு பேச்சு. ஆனால் அதே வருடம் வடக்கிலிருந்து வந்த தொழிலாளிகளுக்கு மலையாளம் கற்பிக்க, எழுத்தறிவு இயக்கம் பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’ திட்டத்தையும் தொடங்கியது. மொழியைக் கேட்கிற அரசு பாடத்தையும் கொடுக்க வேண்டும், இங்கே அந்த அளவுக்காவது செய்தார்கள்.

வகுப்புக்கு வருகிறேன். கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாம், நடுவில் நின்றால் திருப்பித் தர மாட்டார்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். சேருகிறவர்கள் காலை பேட்ச் கேளுங்கள், சத்தம் குறைவு. தாள் எத்தனை நாளில் திருத்தி வரும் என்று பணம் கட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கூடப் போகிற ஆளையும் முதல் வாரத்திலிருந்தே ஞாயிறு வகுப்புக்கு அனுப்புங்கள்.