தோழியின் பட்டமேற்புக்கு இடைக்கால உடை: நான்கு வடிவங்களின் ஒப்பீடு

அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1966இல் தொடங்கிய எஸ்சிஏ (சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்) அமைப்பு, 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய வாழ்க்கையின் கலைகளையும் உடைகளையும் தங்கள் கைகளாலேயே செய்து பார்க்கும் ஆர்வலர்களின் சங்கம். கைவினையில் தேர்ந்தவருக்கு அங்கே ‘லாரல்’ என்னும் உயர்நிலை வழங்கப்படும்போது, அவர் அரசரும் அரசியுமாக வீற்றிருப்போர் முன் மண்டியிடுகிறார். பதக்கம் கழுத்தில் ஏறுகிறது, பல இடங்களில் தோளில் மேலங்கியும் போர்த்தப்படுகிறது. அப்படிப்பட்ட நாளுக்குத் தோழிக்கு உடை தைத்துத் தர முன்வருபவர், படத்தில் எது அழகாக இருக்கிறது என்பதைவிட, மண்டியிட்டு எழுந்து மேலங்கியைத் தாங்கும் உடலுக்கு எது ஒத்துழைக்கும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பலருடைய மனம் முதலில் செல்வது 12ஆம் நூற்றாண்டின் பிளியோ உடைக்கு. பிரான்சின் சார்த்ர் பேராலய மேற்கு வாயிலில் நிற்கும் சிற்ப அரசிகளின் நுண்மடிப்புகளும், நீண்டு தொங்கும் சட்டைக்கைகளும் கண்ணை விட்டு அகலாதவை. ஆனால் அந்த மடிப்புகள் வெட்டினால் வந்தவையா, துணியின் தன்மையால் வந்தவையா என்பதைக் கல் சொல்வதில்லை; ஆகவே தைப்பவர் பெரும்பாலும் ஊகத்தின் மேல்தான் கத்தரியை வைக்க வேண்டியிருக்கிறது. மண்டியிடும்போது தொங்கும் கைகள் முழங்காலின் கீழ் சிக்கும் என்பதும் சிறிய தொல்லையல்ல.

ஊப்லாண்ட் எனப்படும் பெருமேலாடை 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. யான் வான் ஐக் 1434இல் தீட்டிய அர்னொல்ஃபினி ஓவியத்தில், பச்சை உடையின் பெரும் துணிக்குவியலை வயிற்றருகே கையால் தூக்கிப் பிடித்து நிற்கும் பெண்ணைப் பார்த்தாலே இவ்வகை ஆடைகளின் பெருமையும் சுமையும் சேர்ந்து விளங்கிவிடும். குளிர்ந்த மண்டபத்தில் அமர்ந்திருப்பவருக்கு இது அரச கம்பீரம் தரும். ஆனால் மேலே இன்னொரு மேலங்கி விழப்போகிறது என்றால், உயர்ந்த கழுத்துப்பட்டையும் அகன்ற கைகளும் அதனடியில் நசுங்கும். செலவும் இதற்கே அதிகம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

14ஆம் நூற்றாண்டின் உடலொட்டிய உடை, அழகில் எதற்கும் தாழாதது. லண்டனின் பேனார்ட்ஸ் காசில் அகழ்வில் கிடைத்த ஒரு சட்டைக்கையின் துண்டில், துணியாலேயே செய்த பட்டன்கள் நெருக்கமாக வரிசையிட்டிருப்பதையும், காஜா ஓரத்துக்குப் பட்டு உட்பட்டை கொடுத்திருப்பதையும் காண்பவர் அந்தக் கைவேலையின் பொறுமையை மறக்க மாட்டார். ஆனால் இந்த உடை மார்பைத் தானே தாங்கும்படி அளவெடுக்கப்பட வேண்டும். அதற்குத் தோழி நேரில் நின்று, பழந்துணியில் ஊசி குத்திக் குத்திப் பொருத்திப் பார்க்க இடம் தர வேண்டும். அவர் அருகிலேயே வசித்து, விழாவுக்கு மாதக்கணக்கில் நேரமும் இருந்தால், நான் தயங்காமல் இதையே பரிந்துரைப்பேன். வெளியூரில் இருப்பவருக்கோ, தெரியாமல் தைத்து வியப்பில் ஆழ்த்த நினைப்பவருக்கோ இது பொருந்தாது.

அவர்களுக்கு ஏற்றது ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் உடை. தெற்குக் கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்னும் இடத்தில், ஸ்காண்டிநேவிய வழிவந்த நார்ஸ் மக்களின் குடியேற்றக் கல்லறைகளை 1921இல் டேனிஷ் தொல்லியலாளர் போல் நோர்லுண்ட் தோண்டியபோது, பிணங்களைச் சுற்றியிருந்த கம்பளி ஆடைகள் உறைபனி மண்ணால் காக்கப்பட்டுக் கிடைத்தன. அவை கோபன்ஹேகனின் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்றன. இங்கே ஊகத்துக்கு அதிக வேலையில்லை, ஏனெனில் வெட்டும் தையலும் கண்முன் இருக்கின்றன. இடுப்பில் குறுக்குத் தையல் கிடையாது. முன்னும் பின்னும் நடுவிலும், பக்கங்களிலும் நீண்ட முக்கோணத் துண்டுகளைச் செருகியே அடிச்சுற்று விரிக்கப்படுகிறது. பல துண்டு வைத்த உள்பாவாடை தைத்துப் பழகியவருக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தோன்றாது. தோள், மார்பு, இடுப்பு, உயரம், கைநீளம் ஆகியவை தெரிந்தால், தொலைவிலிருந்தும் தைத்துவிடலாம். 150 செ.மீ. அகலக் கம்பளி நான்கைந்து மீட்டர் பெரும்பாலும் போதும்.

ஒதுங்கிய குடியேற்றத்தின் ஆடை விழாவுக்கு எளிமையாகிவிடாதா என்று கேட்பவர்களும் உண்டு. அதே கல்லறைகளில் கிடைத்த நீண்ட வால் வைத்த முக்காடுகள், அங்கிருந்தவர்கள் ஐரோப்பியப் பாணியைப் பின்தொடர்ந்தவர்கள் என்பதைக் காட்டுகின்றன. மஞ்சிட்டி இனச் சாயவேரின் சிவப்பில் மெல்லிய கம்பளியை எடுத்து, கழுத்தோரத்தைப் பட்டால் முடித்தால், மேலங்கிக்குக் கீழும் அது நிமிர்ந்து நிற்கும். பாலியெஸ்டர் வெல்வெட் மலிவு என்றாலும் வேண்டாம். வியர்வை வெளியேற வழியின்றி உடுத்தியவரை வருத்தும். உள்ளே லினன் சட்டை, வெளியே கம்பளி என்ற பழைய முறையே உடலுக்கு இதமானது.

நீண்ட உள்தையல்களை மெஷினில் ஓட்டிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் முக்கோணத்தின் கூர்முனையை, தேன்மெழுகு தேய்த்த நூலால் கையால்தான் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் துணி சுருங்கிக் குவியும். கம்பளியை வெட்டுமுன் நனைத்து உலர்த்திவிட வேண்டும். சாய்வாக வெட்டிய துண்டுகள் தம் எடையில் நீளும் என்பதால், உடையை ஓரிரு நாள் தொங்கவிட்ட பிறகே அடிமடிப்பைக் குறிக்க வேண்டும். தோழி நேரில் வர முடிந்தால், குறிக்கும்போது விழாவுக்குரிய காலணியோடு ஒருமுறை மண்டியிட்டு எழுந்து பார்த்து, முன்விளிம்பு காலடியில் மிதிபடாத உயரத்தைத் தேர்ந்தால் போதுமானது.