நாலு வருஷமாக ஒரு நில அதிர்வுமானியும் கீழ்வேளூர் வண்டலும்

மன்னார்குடித் தம்பி நேற்று போனில் கேட்டார்: "அண்ணே, விலை இறங்கியிருக்கே, நானும் உங்களை மாதிரி ஒரு நில அதிர்வுமானி வாங்கிப் போடவா? பாரன் தீவு ஆடுறது தெரியுமா?" கரண்ட் போய்விட்டது, பேச்சும் பாதியில் நின்றது. மீதியை எழுதிவிடுகிறேன்.

பாரன் தீவு ஆடுவது இங்கே தெரியாது. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே 140 கிலோமீட்டர் போல. ஆளில்லாத தீவு, நம் நாட்டில் இன்றும் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை. நாகப்பட்டினம் பக்கத்தில் இருக்கும் என் ஊர் கீழ்வேளூரிலிருந்து கிட்டத்தட்ட 1,500 கிலோமீட்டர். 2025 செப்டம்பரில் அது மறுபடி பொங்கியபோது இரண்டு ராத்திரி திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமில்லை. 4 ரிக்டர் நடுக்கமெல்லாம் இங்கே வருவதற்குள் தேய்ந்துவிடும். மிச்சம் மீதி வந்தாலும் என் மண் காட்டாது.

இந்த மண்தான் எனக்குத் தீராத எரிச்சல். அதிர்வுமானிப் பெட்டி நல்ல பெட்டி, நில ஆட்டத்தை நொடிக்கு 100 தடவை அளக்கிறது. சிமென்ட் தரையில்தான் வைத்திருக்கிறேன், ஆனால் தரைக்குக் கீழே பாறையா இருக்கிறது? காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். எதைத் தட்டினாலும் ஊதிப் பெரிதாக்கும். மும்முனை மின்சாரம் வந்த அடுத்த நிமிடம் திரையில் 24 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 24 அதிர்வில், நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு விழும். பக்கத்து வயல் மோட்டார்! நிமிடத்துக்கு 1,440 சுற்று, 60-ஆல் வகுத்தால் 24. சரி, அதை வடிகட்டிவிடலாம். ரோட்டில் போகும் லாரியும் டிராக்டரும் மண்ணை ஆட்டுவது தூரத்து நடுக்கத்தின் அதிர்வெண்ணோடு கலந்துவிடுகிறது. தை மாதம் அறுவடை மிஷின் இறங்கிவிட்டால் பகல் முழுக்கக் கிறுக்கல்தான்.

அப்புறம் பெட்டிக்குள் இருக்கும் மெமரி கார்டு. கரண்ட் போய்ப் போய் வந்ததில் போன மாதம் மூன்றாவது கார்டும் போனது. விற்றவர்கள் அது தங்கள் பொறுப்பு இல்லை என்றார்கள். பெட்டியோடு ஒரு சின்ன பேட்டரி கொடுத்தால் என்ன?

ஆனால் 2025 மார்ச் 28-ஐ மறக்க முடியாது. மியான்மரில் 7.7 நடுக்கம். நம் நேரம் 11:50-க்கு அங்கே பூமி பிளந்தது. நாலு நிமிடம் கழித்து என் கொல்லை அறையில் கோடு எகிறியது. வேகமாக வரும் முதல் நில அதிர்வு அலை, கொஞ்சம் விட்டு மெதுவாக வரும் இரண்டாவது, பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே. வீட்டில் யாருக்கும் ஆட்டம் தெரியவில்லை. எனக்குக் கை நடுங்கியது.

2004 டிசம்பர் 26 காலை ஆறரைக்கு சுமத்ராவில் ஆடியது, நாகப்பட்டினத்துக்கு சுனாமி அலை வந்தது ஒன்பது மணிவாக்கில். நடுவில் இரண்டரை மணி நேரம், கரையில் ஒருவருக்கும் தெரியாது. அடுத்த மாதமே நிக்கோபார் பக்கம், பெரிய நடுக்கம் என்று ஒன்று இல்லாமல், சில நாளில் 5 ரிக்டருக்கு மேல் நூறுக்கும் கூடுதலான நடுக்கங்கள் கொத்துக் கொத்தாக வந்தன. மே மாதம் பாரன் தீவு வெடித்தது. அப்படி ஒரு கொத்து இன்னொரு முறை வந்தால் நானே பார்க்க வேண்டும் என்றுதான் வாங்கினேன். எச்சரிக்கைக்காக இல்லை, அதற்கு ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது.

மன்னார்குடியும் இதே வண்டல்தான் தம்பி, வாங்காதீங்க. திருச்சியில் உங்கள் மச்சான் வீடு மலைக்கோட்டை அடிவாரத்தில்தானே? பாறை மேலே ஒரு மூலை தருவாரா என்று கேளுங்க. தந்தால் பாதிப் பணம் நான் போடுகிறேன்.