புது 52 சிசி இன்ஜின்னு சொல்லி பழைய 43 சிசிய தலையில கட்டிட்டாங்க, 7,450 ரூபா போச்சு. பிரஷ் கட்டர் (புல்லு வெட்டுற மெஷின்) வச்சிருக்கவங்க படிச்சிட்டு போங்க

நேத்து ராத்திரி தான் இன்ஜின் வாங்குன ஷாப்பிங் ஆப்புல இருந்து கடைசி பதில் வந்துச்சு, "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது"ன்னு. என்னத்த முடிச்சாங்க? என் பணம் 7,450 ரூபா அவங்க கிட்ட இருக்கு, பெயிண்ட் அடிச்ச பழைய இன்ஜின் என் வீட்டு திண்ணையில கெடக்கு. கோவத்துல தான் எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. இதே மாதிரி இன்ஜின் வாங்கலாம்னு நெனச்சிட்டு இருக்குற ஒருத்தராவது தப்பிச்சா சரி. வாங்கும்போது எப்படி எப்படி செக் பண்ணணும்னு கடைசில விவரமா சொல்றேன்.

எங்களுக்கு உடுமலை பக்கம் தென்னந்தோப்பு. மழை ரெண்டு தடவ பேஞ்சா போதும், கோரையும் பார்த்தீனியமும் முழங்காலுக்கு வந்துரும், விழுந்த தேங்கா கண்ணுக்கு தெரியாது, விரியன் கெடந்தாலும் தெரியாது. புல்லு வெட்ட ஆள் சொன்னா வரேன்னு சொல்லிட்டு வராம விட்டுருவாங்க. அதனால அஞ்சு வருஷமா ஒரு 52 சிசி டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் தான் எங்களுக்கு எல்லாமே. அதுக்கு என்ன கோளாறு வந்தாலும் நானே வீட்ல உக்காந்து பாத்துக்குவேன். கார்புரேட்டர கழட்டி டயாஃப்ரம் மாத்துறது, பிளக் கேப் 0.6 எம்எம் வைக்கிறது, மேக்னெட்டுக்கும் காயிலுக்கும் நடுவுல விசிட்டிங் கார்டு சொருகி கேப் வைக்கிறது, பெட்ரோல் ட்யூப் வெறைச்சு போனா மாத்துறது, இதுக்கெல்லாம் நான் கடைக்கு போனதே இல்ல.

போன மாசம் வேலைக்கு வந்த பையன் ஆயில் கலக்காத வெறும் பெட்ரோல ஊத்தி ஓட்டிட்டான். அவன சொல்லி குத்தமில்ல, ரெண்டு கேனும் ஒரே மாதிரி இருந்துச்சு. டூ ஸ்ட்ரோக்ல 2டி ஆயில் பெட்ரோலோட கலந்து உள்ள போனா தான் பிஸ்டனுக்கு வழவழப்பே, அது இல்லாம ஓடுனா பிஸ்டன் சிலிண்டர்ல உராஞ்சு கோடு கோடா கிழிச்சிரும். கயிற இழுத்தா லொட லொடன்னு வருது, கம்ப்ரஷனே இல்ல. கிராங்க் பேரிங்லயும் சத்தம். டவுன்ல மெக்கானிக் சீசன் டைம், பத்து நாளாகும்னுட்டாரு. எங்களுக்கு பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கா தண்ணி வர்ற நேரம், அதுக்குள்ள புல்ல வெட்டியாகணும். சரி முழு இன்ஜினாவே வாங்கி மாட்டிரலாம், நாலு போல்ட் வேலைதானேன்னு முடிவு பண்ணேன்.

எல்லார் போன்லயும் இருக்குற மாதிரி ஒரு ஷாப்பிங் ஆப். பேரு போடல. அதுல "52 சிசி புது இன்ஜின், கார்புரேட்டர், காயிலோட" 7,450 ரூபான்னு போட்டிருந்துச்சு, ஸ்டாரும் நல்லா இருந்துச்சு. இருந்தாலும் எனக்கு ஒரு சந்தேகம், அதனால விக்கிறவருக்கு மெசேஜ் போட்டேன். அரை மணி நேரத்துல அவரே கூப்பிட்டாரு. சுத்தமா நம்ம கோயமுத்தூர் பேச்சு.

"சொல்லுங்ணா, பழைய இன்ஜினுக்கு என்னங்ணா ஆச்சு?"ன்னாரு. சொன்னேன். "பிளக்க கழட்டி பாத்தீங்களாங்ணா, என்ன கலர்ல இருக்கு?"ன்னு கேட்டாரு பாருங்க, அந்த ஒரு கேள்வியில தான் நான் விழுந்தேன். பொருள் விக்கிற எவனும் அத கேக்க மாட்டான், மெக்கானிக் தான் கேப்பான். வெள்ளையா வெளுத்து போயிருக்குன்னேன். "அப்போ சூடாகி பிஸ்டன் இறுகி சீஸ் ஆயிருக்குங்ணா, போரே போயிருக்கும், பிஸ்டன் கிட்டு போட்டாலும் நிக்காது, நீங்க முழு இன்ஜின் கேட்டது சரிதான்"னாரு. போர்ங்கறது சிலிண்டர் ஓட்டையோட அகலம், 52 சிசின்னா அது 44 எம்எம் இருக்கணும். நான் நேராவே கேட்டேன், "இது 44 எம்எம் போர் தானுங்களே, புதுசு தானுங்களே?" "நூத்துக்கு நூறுங்ணா, பொட்டி பிரிக்காத பீஸு, நானே பேக் பண்ணி அனுப்பறேன், என் தம்பி தோட்டத்துல இதே தான் ஓடுது." அப்படியே 7,450 ரூபாய ஆப்புலயே கட்டிட்டேன்.

இன்னொன்னும் சொன்னாரு, அத கவனிங்க. "முதல் ரெண்டு மூணு டேங்க் லோடு குடுக்காதீங்ணா, லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து மெதுவா ஓட விடுங்க, ரன்னிங் இன் ஆகட்டும்." இது தப்பான அட்வைஸ் இல்ல, புது இன்ஜினுக்கு யாரு கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க, அதனால தான் எனக்கு சந்தேகமே வரல. ஆனா ஆப்புல ரிட்டர்ன் 7 நாள் தான். லோடு குடுக்காம ஓட்டுனா பவர் இல்லங்குறதே தெரியாது. அதுலயே எனக்கு நாலு நாள் போச்சு.

புதன்கிழமை வந்துச்சு. பளபளன்னு ஆரஞ்சு பெயிண்ட். மாட்டுனேன், ரெண்டாவது இழுப்புலயே ஸ்டார்ட் ஆச்சு. வீட்ல கூட "ஏனுங்க, சத்தம் நல்லாருக்குதுங்க"ன்னாங்க. ஞாயித்துக்கிழமை தான் தோப்புக்குள்ள எடுத்துட்டு போனேன். கோரைக்குள்ள பிளேட விட்டதும் திணறுது. முழு ஆக்சிலேட்டர் குடுத்தும் பிளேடு நின்னு நின்னு போகுது. பழைய மெஷின் அதே கோரைய சும்மா அரிஞ்சு தள்ளும். கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவ மாத்துற எச் ஸ்க்ரூவ கால் சுத்து கால் சுத்தா வச்சு பாத்தேன், பில்டர் பாத்தேன், ஒண்ணும் மாறல.

திங்கக்கிழமை சைலன்சர கழட்டி எக்சாஸ்ட் ஓட்டை வழியா டார்ச் அடிச்சு பாத்தேன். வயிறு எரிஞ்சு போச்சு. பிஸ்டன் பக்கவாட்டுல மேலிருந்து கீழ வரைக்கும் கோடு. தலையில கெட்டியா கரி. நான் ஓட்டுனது மூணு டேங்க், அதுக்குள்ள அவ்ளோ கரி பிடிக்குமா? ஆலன் போல்ட் தலைக்குள்ள எல்லாம் பெயிண்ட் உறைஞ்சு கெடக்கு, அதாவது இன்ஜின கழட்டாமலே மேல ஸ்ப்ரே அடிச்சிருக்காங்க. சிலிண்டர தூக்கி பிஸ்டன்ல வெர்னியர் (எம்எம் கணக்கா அளக்குற கருவி) வச்சேன். 39.9 எம்எம். மூணு தடவ வச்சு பாத்தேன், அதே தான்.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். இந்த டைப் இன்ஜின்ல 52 சிசின்னா போர் 44 எம்எம், 43 சிசின்னா 40 எம்எம், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேல கீழ போற தூரம், ரெண்டுக்கும் 34 தான். எம்எம்ம சென்டிமீட்டராக்கி 4 x 4 x 3.4 x 0.785 போட்டு பாருங்க, 42.7 சிசி வரும். அந்த ரெண்டு 4 இருக்குற எடத்துலயும் 4.4 போட்டா 51.7 வரும். வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், மாட்டுற போல்ட், கிளட்ச் எல்லாமே உக்காந்துரும். அதனால தான் தைரியமா ஏமாத்தறாங்க.

உடனே அவருக்கு போன் பண்ணேன். எடுத்தாரு. 39.9ன்னு சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் சொல்றாரு, "அண்ணா, 52ங்கறது மாடல் பேருங்ணா, சிசி இல்லீங்க." போட்டிருக்குறதே 52 சிசின்னு தானய்யா! நீ தானே 44 எம்எம் நூத்துக்கு நூறுன்ன! "நீங்க அனுப்புன பிஸ்டன்ல கோடு இருக்கே"ன்னா, "நீங்க ஆயில் கம்மியா ஊத்திருப்பீங்க"ங்கறாரு. பத்து நாள் முன்னாடி பிளக் கலர் கேட்டு என் மெஷினுக்கு வைத்தியம் சொன்ன அதே ஆளு. சொந்தக்காரன் மாதிரி பேசுனவரு அதுக்கப்புறம் என் நம்பர எடுக்கவே இல்ல. வீட்ல இருந்து வேற நம்பர்ல கூப்பிட்டா எடுத்து, என் குரல் கேட்டதும் வச்சிட்டாரு.

ஆப்புல திங்கக்கிழமை சாயங்காலமே ரிட்டர்ன் போட்டேன், 7 நாளுக்குள்ள தான். போட்டோ கேட்டாங்க, வெர்னியரோட அனுப்புனேன். பிக்கப்புக்கு புதன்கிழமை ஒரு தம்பி வந்தாரு, பாவம் அவருக்கு ஒண்ணும் தெரியாது, போன பாத்துட்டு "சார், பொருள் கழட்டிருக்கு, எடுத்தா என் சம்பளத்துல பிடிப்பாங்க"ன்னு விட்டுட்டு போயிட்டாரு. அன்னைக்கு ராத்திரியே "ரிட்டர்ன் ரத்து செய்யப்பட்டது"ன்னு வந்துருச்சு. சேட்ல போய் கேட்டா முதல்ல மெஷின் பதில், அப்புறம் ஒரு ஆளு. அவங்க கேட்டது, "பொருள் வேலை செய்கிறதா?" செய்யுது, ஆனா இது நான் கேட்ட பொருளே இல்லன்னேன். "வேலை செய்யும் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது." மறுநாள் வேற ஆளு, திரும்ப முதல்ல இருந்து கதை சொல்லணும். அவங்க "அன்பாக்சிங் வீடியோ இருக்கிறதா?" பொட்டி பிரிக்கும்போது பிஸ்டன் தெரியுமாங்க? சிலிண்டர கழட்டாம 40ஆ 44ஆன்னு எப்படி அளக்குறது? கழட்டாம தெரியாது, கழட்டுனா எடுக்க மாட்டாங்க. இத நான் ஆறு பேர் கிட்ட சொல்லிருக்கேன், ஆறு பேரும் "சிரமத்திற்கு வருந்துகிறோம்"னு தான் சொன்னாங்க. 7,450 ரூபாய பத்தி ஒருத்தர் பேசல.

ஆப்போட குறைதீர்ப்பு அதிகாரிக்கும் மெயில் போட்டேன். புகார் வந்தா 48 மணி நேரத்துல வந்துச்சுன்னு பதில் குடுக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்த்து வைக்கணும்னு 2020லயே ஆன்லைன் வியாபாரத்துக்கு விதி போட்டிருக்காங்க. எனக்கு ஒரு வாரமாகியும் பதில் இல்ல. வந்தது நேத்து அந்த ஒரு வரி தான்.

7,450 ரூபா உங்கள்ல சில பேருக்கு சின்ன தொகையா இருக்கலாம். எங்க அப்பா அத கேட்டதும் ஒண்ணும் சொல்லாம அருவாள எடுத்துட்டு தோப்புக்கு போயிட்டாரு. அவருக்கு வயசு எழுவதுக்கு மேல. அவரு குனிஞ்சு கோரை அறுக்குறத பாத்துட்டு நான் வந்து ஆப்ப தெறந்தா, "உங்கள் அனுபவத்தை மதிப்பிடுங்கள்"னு ஸ்டார் கேக்குது.

சரி, செக் பண்றது. கை நடுங்குது, நீளமா எழுத முடியல, முக்கியமானது மட்டும். ஸ்டிக்கர்ல 52ன்னு இருக்கறத நம்பாதீங்க, மாடல் நம்பர் ஒன் ஈ 44 எஃப்னு வந்தா 44, ஒன் ஈ 40 எஃப்னா 40, அதையும் மெசேஜ்ல எழுதி வாங்குங்க, போன்ல சொன்னது எதுக்கும் ஆகாது, என் கிட்ட அவரு சொன்னதுக்கு ஒரு ஆதாரமும் இல்ல. பொட்டிய பிரிச்ச அன்னைக்கே வீடியோ ஓட விட்டு சைலன்சர கழட்டி டார்ச் அடிங்க, கரியோ கோடோ இருந்தா மாட்டாதீங்க, பெட்ரோலே ஊத்தாதீங்க. ரன்னிங் இன் எல்லாம் அப்புறம். முடிஞ்சா நேர்ல போய் வெர்னியர் வச்சு அளந்து வாங்குங்க. ஏமாந்துட்டா 1915க்கு கூப்பிடுங்க, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயும் பேசலாம். நான் இன்னைக்கு காலைல பதிவு பண்ணிட்டேன். அதுலயும் நடக்கலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், அஞ்சு லட்சம் வரைக்கும் புகாருக்கு கட்டணம் இல்ல, நான் போகத்தான் போறேன், பில்லு, வெர்னியர் போட்டோ, சேட் எல்லாம் பிரிண்ட் எடுத்து வச்சாச்சு.

பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கம் 44 எம்எம் இன்ஜின கண்ணு முன்னாடி அளந்து காட்டி குடுக்குற கடை யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க. இல்ல நல்ல கிராங்கோட பழைய 52 இருந்தாலும் பரவால்ல, நானே ரிங் மாத்திக்கிறேன். சனிக்கிழமை தண்ணி வருது.