ரோலெக்ஸ் டே-டேட் 36, 1991 மாடல்: ரெண்டு வருஷம் கட்டிப் பாத்துட்டு எழுதறது

மொதல்லயே சொல்லிடறேன், இது புது வாட்ச் இல்ல. 1991ல வந்த ரோலெக்ஸ் டே-டேட், 36 மில்லிமீட்டர், மஞ்சத் தங்கம், ரெஃபரன்ஸ் நம்பர் 18238. சிங்கப்பூர்ல ஒரு செகண்ட்ஹேண்ட் வாட்ச் கடையில வாங்கினேன், பதினோரு வருஷம் சேத்த காசு. வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, தூங்கறப்ப குளிக்கறப்ப தவிர கையிலதான் கெடக்கு. என்ன விலைன்னு எழுதப் போறதில்ல, எங்க மச்சான் இதெல்லாம் படிப்பாரு.

போன தீபாவளிக்கு காரைக்குடி போனப்ப அம்மா என் கையப் புடிச்சுப் பாத்துட்டு மொத கேட்டதே "எத்தன பவுன்டா இது?"ன்னுதான். அதெல்லாம் அப்படி கணக்கு இல்லம்மான்னு சொன்னா விடல, எங்க வீட்டுக்கு ரொம்ப வருஷமா நகை செய்யற ஆசாரிகிட்ட கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவரு வாட்ச உள்ளங்கையில வச்சு ரெண்டு தடவ லேசா தூக்கிப் போட்டுப் பாத்தாரு. "தம்பி, உள்ள மெஷின் இருக்கு, மேல கண்ணாடி இருக்கு, அப்படியே எட போட்டா கணக்கு நிக்காது, பட்டைய மட்டும் கழட்டிக் குடுங்க"ன்னாரு. கழட்டிக் குடுத்தேன். எட போட்டாரு, அம்மா காதுல மட்டும் சொன்னாரு, அம்மா முகத்துல ஒரு நிம்மதி. அப்புறம் சாதாரணமா "ஓரத்துல கொஞ்சம் உரசிப் பாத்துடலாமா"ன்னு உரைகல்ல எடுத்தாரு பாருங்க, நான் புடுங்காத குறையா வாங்கிட்டேன். மனுஷன் சிரிச்சுட்டே லென்ஸ கண்ணுல மாட்டிக்கிட்டு, பட்டை மாட்டற காதுக்குப் பின்னாடி பாத்தாரு. "இதென்ன தம்பி, ஒரு பொம்பளத் தல இருக்கு, அம்மனா?"

அது ஹெல்வேஷியா. சுவிட்சர்லாந்து நாட்டையே ஒரு பொண்ணா உருவகம் பண்ணி வச்சிருக்காங்க, நம்ம தமிழ்த்தாய் மாதிரி. 18 காரட் தங்கத்துக்கு அந்தத் தலதான் அவங்க அரசாங்க முத்திரை, 14 காரட்டுன்னா அணில். 1995ல இத மாத்தி செயின்ட் பெர்னார்ட் நாயோட தலைய வச்சுட்டாங்க, அதனால இந்த முத்திரைய வச்சே வாட்ச் அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு சொல்லிடலாம். இத ஆசாரிகிட்ட சொன்னப்ப அவருக்கு அணில்தான் ரொம்பப் புடிச்சுது.

18 காரட்டுக்கு போடற 750ங்கற நம்பரப் பாத்ததும் அம்மாவுக்கு சப்புன்னு ஆயிடுச்சு, நமக்கு 916 இல்லாட்டி தங்கமே இல்லயே. பதில் ஆசாரியே சொன்னாரு. "ஆத்தா, இந்த வேலைக்கு 22 தாங்காது. மரை போட்டா வழுக்கும், முள்ளு போட்டா வளையும். கல்லு கட்டற நகைக்கு நாம 18ல செய்யறது இல்லயா, அது மாதிரி." அவ்ளோதான் விஷயம். நூத்துல எழுபத்தஞ்சு பங்கு தங்கம், மிச்சம் வெள்ளி, செம்பு. தண்ணி போகாம திருகி மூடற கேஸ் வேணும்னா உலோகத்துக்கு கொஞ்சம் விறைப்பு வேணும்ல.

கடைசியா அவரு கேட்டதுதான் எனக்கு இந்த ரிவ்யூவே. "சரி தம்பி, செய்கூலி எவ்ளோ போட்டான்?"

யோசிச்சுப் பாத்தா நான் குடுத்ததுல பெரும்பங்கு செய்கூலிதான். உருக்கி வித்தா போட்ட காசு திரும்பாது. தங்கத்த சேமிப்பா பாக்கற வீட்டுல பொறந்துட்டு செய்கூலிக்காக தங்கம் வாங்கறது நம்ம ஊரு கணக்குல சுத்த முட்டாள்தனம், நகைக்கடையில ரெண்டு பர்சென்ட் சேதாரத்துக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசற ஆளுங்க நாம. ஆனா இந்த வாட்சுல புடிச்சதே அந்த செய்கூலிதான்.

பட்டையில இருந்து ஆரம்பிக்கறேன். பிரெசிடென்ட் பட்டைம்பாங்க, அரவட்டமா மூணு துண்டு சேந்த கண்ணிங்க, பூட்டு வெளிய தெரியாது, குட்டி கிரீடம் ஒண்ணு மட்டும் நீட்டிட்டு இருக்கும், அத நகத்தால தூக்கினா தெறக்கும். இந்த மாடல் 1956ல வந்ததுல இருந்து தங்கத்துலயும் பிளாட்டினத்துலயும் மட்டும்தான் செய்யறாங்க, ஸ்டீல்ல கடையில கெடைக்காது. காலைல கட்டறப்ப சில்லுன்னு இருக்கும், அரை நிமிஷத்துல உடம்பு சூட்டுக்கு வந்துடும், அப்புறம் அது பாட்டுக்கு மணிக்கட்டுல வழிஞ்சு உக்காந்துக்கும். கனம் வேற. ஒரே அளவு துண்டு எடுத்தா 18 காரட் தங்கம் ஸ்டீல விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு எட. பஸ்ல கம்பியப் புடிக்கறப்ப கையில ஒண்ணு இருக்குன்னு அதுவே ஞாபகப்படுத்தும். பிளாட்டினம் இன்னும் மோசம், ஒரு தடவ கடையில கட்டிப் பாத்தேன், கை தொங்கிப் போச்சு. அதோட வெளிர்நீல டயலு அழகுதான், ஆனா தூரத்துல இருந்து ஸ்டீல் மாதிரியே இருக்கும், அவ்ளோ காசு போட்டு யாருக்கும் தெரியாம கட்டிக்கற பக்குவம் எனக்கு இன்னும் வரல.

இதே பட்டைக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. பழைய தங்கப் பட்டை தொளதொளன்னு ஆயிடும். கண்ணிய கோக்கற குச்சியும் ஓட்டையும் ஒண்ணோட ஒண்ணு வருஷக்கணக்கா தேஞ்சு, நடுவுல அழுக்கு போயி அதுவே அரம் மாதிரி ராவி, பக்கவாட்டுல புடிச்சா பட்டை வாழை நார் மாதிரி தொங்கும். என்னோடது முன்னாடி வச்சிருந்தவரு கையிலயே கொஞ்சம் தொங்க ஆரம்பிச்சிருந்துது, அத சொல்லித்தான் விலைய கொறச்சேன். இப்ப வர்ற புது மாடல்ல கண்ணிக்குள்ள செராமிக் குழாய் வச்சுட்டாங்க, இந்த தேய்மானம் ரொம்பக் கொறையும். பழசு வாங்கறவங்க மொதல்ல பட்டையப் படுக்க வச்சுப் புடிச்சுப் பாருங்க, டயல அப்புறம் ரசிக்கலாம்.

கீறல் விழுமான்னா விழும், தாராளமா விழும். லேப்டாப் மேல கை வச்சாலே பூட்டு பக்கம் கோடு. மொத மாசம் ஒவ்வொரு கோட்டுக்கும் வயித்தக் கலக்குச்சு. இப்ப என்னன்னா, ஆயிரம் கோடு சேந்ததும் அது கோடா தெரியல, ஒரு மாதிரி மங்கலா, பாட்டி கையில கெடந்த பழைய வளையல் மாதிரி ஒரு மினுக்கு வந்துடுது. தங்க முலாம் போட்ட வாட்சுல இது நடக்காது, அது சிதம்பரம் கவரிங் மாதிரி, ஓரத்துல தேஞ்சா உள்ள வெள்ளை பல்ல இளிக்கும். இது தேஞ்சாலும் உள்ளயும் தங்கம்தான்.

இங்கதான் எனக்கு ஒரு வயித்தெரிச்சல். இந்த மார்ச்ல எண்ணெய் மாத்தி சர்வீஸ் பண்ண ஒரு கடையில குடுத்தேன், பேரு வேணாம். பாலிஷ் போடாதீங்கன்னு ரெண்டு தடவ சொல்லி, ரசீதுலயும் எழுத வச்சேன். திரும்ப வாங்கறப்ப பளபளன்னு புதுசு மாதிரி இருக்கு, அந்த பையன் "ஃப்ரீயா பண்ணிக் குடுத்தோம் சார்"னு சிரிக்கறான். பாலிஷ்னா மேல இருக்கற தங்கத்த சீவி எடுக்கறதுதான், நம்ம பாஷையில சேதாரம். காதோட ஓரமெல்லாம் கூரா இருந்தது உருண்டு போச்சு, பின்னாடி பாத்தா ஹெல்வேஷியாவுக்கு மூக்கக் காணோம். ஆசாரி அம்மனான்னு கேட்ட அந்தத் தல இப்ப ஒரு மழுங்கின புள்ளி. அந்த வாரம் பூரா சரியா சாப்பிடல, இது சத்தியம்.

உள்ள இருக்கற மெஷினுக்கு வருவோம். கேலிபர் 3155. தங்கம் பூரா வெளியதான், ஓடறது பித்தளையும் எஃகும், தேயற இடத்துல 31 மாணிக்கக் கல்லு, அதுவும் செயற்கையா வளத்த கல்லு, ஜோசியருகிட்ட குடுத்து மோதிரத்துல வைக்கறதுக்கு ஆகாது. செகண்டுக்கு எட்டு துடிப்பு, ஒரு நாளைக்கு 6,91,200. ராத்திரி காதுகிட்ட வச்சா மழைப்பூச்சி மாதிரி ஒரு சத்தம். கைய ஆட்டினா உள்ள இருக்கற எடை சுத்தி ஸ்பிரிங்க முறுக்கிக்கும், கழட்டி வச்சா சுமாரா 48 மணி நேரம் தாங்கும். என்னோடது ஒரு நாளைக்கு நாலு செகண்டு முன்னாடி ஓடுது. முப்பத்து சொச்சம் வயசுக்கு இது ரொம்ப மரியாதையான ஓட்டம், ஆனா நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேசியோ இத விட ஒழுங்கா டைம் சொல்லும், அதுல வாதமே இல்ல. டைம் தெரிஞ்சுக்கணும்னா போன் இருக்கு.

ஒரு விஷயம் எனக்கு எப்பவும் சிரிப்பு வரும். உலகத்துல மொத மொத கடைக்கு வந்த குவார்ட்ஸ் கைக்கடிகாரம், அதாவது பேட்டரியில ஓடறது, சீக்கோ அஸ்ட்ரான், 1969 கிறிஸ்துமஸ் அன்னிக்கு டோக்கியோவுல வந்துது, விலை 4,50,000 யென், கேஸ் என்ன தெரியுமா, 18 காரட் தங்கம். அப்ப துல்லியம்தான் ஆடம்பரம், அதனால அதத் தங்கத்துல பொதிஞ்சு வித்தாங்க. சாவி குடுக்கற வாட்ச் சாதாரண சனங்க கையில இருந்துது, எங்கப்பா கையில எச்எம்டி ஜனதா, காலைல காபி வர்றதுக்கு முன்னாடி சாவி குடுப்பாரு. கொஞ்ச வருஷத்துலயே எல்லாம் தலகீழ், குவார்ட்ஸ் பிளாட்பாரத்துக்கு வந்துடுச்சு, சாவி குடுக்கற ஜாதி தங்கத்துக்குள்ள போயி உக்காந்துடுச்சு. தேவையில்லன்னு ஆன பொருளுக்குத்தான் இவ்ளோ செய்கூலியான்னு கேட்டா ஆமாங்க, அதான். பட்டு நெசவுக்கு குடுக்கறோம்ல. நம்ம ஓசூர் டைட்டன்காரங்களே நெபுலான்னு 18 காரட்ல போட்டு விக்கறாங்க, அதுக்கும் வாங்க ஆள் இருக்கு.

சனிக்கிழம ராத்திரி பன்னெண்டுக்கு இதப் பாக்கணும். கிழமையும் தேதியும் ஒரே நொடியில டக்குன்னு தாவும், ஊர்ந்து வராது. கிழமைய முழுப் பேரா எழுதிக் காட்டறதுதான் இந்த மாடலோட அடையாளமே. இருபத்தாறு பாஷையில வட்டு போடறாங்க, யாருமே வீட்டுல பேசாத லத்தீன் கூட உண்டு, தமிழ் இல்ல. என்னோடதுல ஸ்பானிஷ் வட்டு, மொத ஓனரு எந்த ஊர்க்காரரோ. கடைக்காரரு இங்கிலீஷ் வட்டு மாத்தித் தரேன்னாரு, வேணாம்னுட்டேன். இப்ப எனக்கு ஸ்பானிஷ்ல ஏழு வார்த்த தெரியும், எட்டாவது வார்த்த தெரியாது.

வெளிய கட்டிட்டுப் போக பயமா இல்லயான்னு நெறய பேரு கேக்கறாங்க. சிங்கப்பூர்ல இல்ல, ஊர்ல முழுக்கை சட்ட. ஆனா உண்மையில ஆபத்து வேற மாதிரி. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்ல மீன் வாங்கறப்ப கடைக்கார அண்ணன் கையப் பாத்துட்டு "பாங்காக்கா? எவ்ளோக்கு முடிச்சீங்க?"ன்னாரு. எம்பது வெள்ளிண்ணேன்னேன். "ஏமாந்துட்டீங்க, நான் அம்பதுக்கு வாங்கித் தரேன்"னு வருத்தப்பட்டாரு. சம்பளக்காரன் தங்க ரோலெக்ஸ் கட்டினா டூப்ளிகேட்டுன்னுதான் ஊரு நெனைக்கும், அது ஒரு வகையில பாதுகாப்பு. நாலு பேரு மதிக்கணும்னு வாங்கறவங்க இத யோசிச்சுக்கோங்க.

புதுசு வாங்க வசதி இருக்கறவங்களுக்கு 128238 இருக்கு, 2019ல வந்தது, அதே 36 அளவு, உள்ள 3255 மெஷின், 70 மணி நேரம் தாங்கும், நாளைக்கு ரெண்டு செகண்டுக்கு மேல தப்பாதுன்னு கம்பெனி சொல்லுது. எல்லா வகையிலயும் அதுதான் நல்ல வாட்ச். பழசுல கையில தொட்டா ஓரமெல்லாம் கொஞ்சம் மெலிசா, அடக்கமா இருக்கற மாதிரி எனக்குப் படும், அது ருசி. முதலீடுன்னு யாராச்சும் உங்ககிட்ட இத வித்தா எழுந்து வந்துடுங்க, அதுக்கு நாணயம் வாங்கிக்கலாம், செய்கூலி மிச்சம். கடன் போட்டு வாங்காதீங்க. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ அர மணி நேரம் கையில கட்டிட்டு கடைக்குள்ளயே உக்காந்திருங்க, கடைக்காரரு மொறச்சாலும் பரவாயில்ல, அந்தக் கனம் சில பேருக்கு ஒத்துக்காது.

போன மாசம் முப்பது நாள்தான், இதுக்கு அதெல்லாம் தெரியாது. இன்னிக்கு தேதி ஒண்ணு, இது சலிக்காம 31ன்னு காட்டிக்கிட்டு இருக்கு, எழுதி முடிச்சுட்டு பக்கவாட்டுல இருக்கற கிரவுன, அதான் சாவி குடுக்கற திருகாணிய, திருகி ஒரு தட்டு தட்டி மாத்தணும்.