40 லிட்டர் ஏர் கூலர்: படுக்கையறைக்கு வேண்டாம், வாய்ட் டெக்குக்குச் சரி

தண்ணீர் ஊற்றினால் ஏர்கான் மாதிரி குளிரும் என்று விற்கிறார்களே, அந்தக் கூலரைப் பற்றி முதலில் ஒரு கணக்கு. பிற்பகலில் வெயில் 32 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால், பேட் (தண்ணீரை உறிஞ்சிக் காற்றைக் குளிர்விக்கும் அட்டை) நன்றாக நனைந்திருக்கும் கூலர் 27 டிகிரி காற்றைத் தரும். மழை ஓய்ந்த மாலையில் ஈரப்பதம் 85ஐத் தொட்டுவிட்டால் ஒன்றரை டிகிரி குறைவதே பெரிது. சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுப் படுக்கையறையில் சன்னலைச் சாத்திக்கொண்டு போட்டால், விட்ட ஈரமே சுற்றிச் சுற்றி வரும். தலையணை பிசுபிசுக்கும், அலமாரித் துணியில் பூசணம் பிடிக்கும். வாய்ட் டெக் (அடுக்குமாடியின் திறந்த கீழ்த்தளம்) கல்யாணம், காப்பிக்கடையின் பின்பக்கம், கதவில்லாத பட்டறை போன்ற காற்றோடும் இடங்களுக்குத்தான் இது கொடுத்த காசுக்கு ஈடு.

கூடவே வரும் ஐஸ் பெட்டிகள் வெறும் வேடிக்கை. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400, அதாவது ஏழு மடங்கு; குளிர்ச்சி பெரும்பாலும் ஆவியாவதில்தான்.

பராமரிப்பில் இங்கே உப்புப் படிவது பெரிய தொல்லையில்லை, குழாய்த் தண்ணீர் அப்படி. பாசியின் வழவழப்புதான் எதிரி. பம்ப் உறுமுகிறது, பேட் காய்ந்தே கிடக்கிறது என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பம்பின் அடிமூடியைக் கழற்றுங்கள். உள்ளே சின்ன இறக்கைச் சக்கரத்தில் பாசி சுற்றியிருக்கும்; பழைய பல்துலக்கியால் தேய்த்து, விரலால் சுழற்றினால் தடையின்றி ஓட வேண்டும். பேடில் மட்டும் கோடு கோடாகக் காய்ந்திருந்தால் குற்றம் பம்பில் இல்லை, மேலே தண்ணீர் சொட்டும் துளைகள் அடைத்திருக்கின்றன. பல்குச்சி போதும்.

புளித்த வாடை வந்தால், 5 லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கலந்து பேடை அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். குளோரின் பிளீச் வேண்டாம், அட்டை நைந்துபோகும். தினமும் நிறுத்துமுன் பம்பை அணைத்து, ஃபேனை மட்டும் 30 நிமிடம் ஓடவிட்டால் வாடையே அண்டாது. முகத்தில் நீர்த்துளி தெறித்தால், பெரும்பாலும் கழுவிய பேடைத் திருப்பி மாட்டியிருப்பீர்கள். கழற்றுமுன் மேல்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் பென்சிலால் குறித்துவிடுவது நல்லது. ஃபேன் மெதுவாகச் சுற்றி, கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது என்றால் கெப்பாசிட்டர் (மோட்டாரைக் கிளப்பிவிடும் பாகம்) தளர்ந்திருக்கலாம். அதில் மின்சாரம் தேங்கி நிற்கும், மின்பணியாளரிடம் விடுங்கள்.

டெங்கி விஷயத்தில் சமாதானமே கிடையாது. ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். வடிகுழாயைத் திறந்தாலும் தொட்டியின் மூலையில் ஒரு விரற்கடைத் தண்ணீர் தங்கும். சாய்த்து ஊற்றி, துணியால் ஒற்றி எடுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் சாகாது என்பதால் பக்கங்களைத் தேய்க்கத்தான் வேண்டும்.

வாங்குமுன் கடையில் ஒன்று கேளுங்கள்: மாற்றுப் பேட் தனியாகக் கிடைக்குமா? இல்லையென்றால் வேறு மாடலைப் பாருங்கள்.