கையடக்க ஸ்பீட் கன்: ஒரு பயிற்சியாளரின் விமர்சனம், கூடவே கொஞ்சம் பாகிஸ்தான்

பந்துவீச்சின் வேகத்தை அளக்கும் கையடக்க ரேடார் கருவி ஒன்றை ஒரு சீசன் முழுக்க நெட்ஸில், அதாவது வலைப் பயிற்சியில், வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். என்னிடம் வருபவர்கள் பதின்ம வயது வேகப்பந்துப் பையன்கள். வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆனால் திரையைப் பையன்கள் கண்ணில் காட்டாமல் இருக்க உங்களால் முடிய வேண்டும். ஏன் இந்த நிபந்தனை என்று சொல்ல, கருவியைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. பாகிஸ்தானின் வேகப்பந்து வீச்சு ஏன் சரிந்தது என்றும் பேச வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கருவி. பெட்டியைத் திறந்தால் உள்ளங்கையில் அடங்கும் சாமான், ஒரு குட்டி டிரைபாட், சார்ஜ் ஒயர். பட்டனை அழுத்தினால் ஒரு பந்தை அளக்கும். தொடர்ச்சியாக ஓடவிட்டால் தானே ஒவ்வொரு பந்தையும் பிடித்து போனுக்கு அனுப்பும். வெயிலில் எண் நன்றாகத் தெரிகிறது. சார்ஜ் ஒரு மாலைப் பயிற்சிக்குத் தாங்குகிறது. இதில் குறை சொல்ல எதுவுமில்லை. எங்கே வைப்பது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

ரேடாருக்குத் தன்னை நோக்கி நேராக வரும் வேகம் மட்டும்தான் தெரியும். பந்து வரும் கோட்டிலிருந்து கருவி 10 டிகிரி விலகியிருந்தால் 140 கி.மீ. வேகப் பந்தை 138 என்று காட்டும். அது பரவாயில்லை. 20 டிகிரி விலகினால் 131 அல்லது 132. 30 டிகிரிக்குப் போனால் 121. கோணத்தால் வரும் பிழை எண்ணைக் குறைக்குமே தவிர ஒருநாளும் கூட்டாது. மிட்-ஆஃப் பக்கம், அதாவது பந்து வரும் கோட்டிலிருந்து விலகி, நாற்காலி போட்டு உட்கார்ந்து அளக்கும் அப்பாக்கள் உண்டு. பையன் பாவம், உயிரைக் கொடுத்து ஓடிவந்து போடுகிறான். அப்பா, "நேத்து இதைவிட நல்லா போட்டியேடா" என்கிறார். நேற்று அவருடைய நாற்காலி கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்திருக்கும், அவ்வளவுதான்.

சரியான இடம், பேட்டிங் முனையில் வலைக்குப் பின்னால், ஸ்டம்புக்கு நேர்கோட்டில், பந்து கையைவிட்டு வரும் உயரத்துக்கு முடிந்தவரை பக்கத்தில். நைலான் வலை தொந்தரவு செய்வதில்லை, இரும்புக் கம்பம் குறுக்கே வரக்கூடாது. அப்படி வைத்தாலும் பேட்டர் நிற்கும்போது வேடிக்கைகள் நடக்கும். ஒரு ஆஃப் ஸ்பின்னருக்கு 124 காட்டியது. நெட்ஸே கைதட்டியது. கருவி பிடித்தது பேட்டர் ஓங்கி அடித்துத் திரும்பிப்போன பந்தை. இன்னொரு சிக்கல், பந்து கையைவிட்ட உடனே பிடிக்கத் தவறினால் பிட்ச் ஆகி எழுந்த பிறகுள்ள வேகத்தைக் காட்டிவிடும். ஒரே பையன், ஒரே மாதிரி பந்து, முதலில் 121, அடுத்தது 98. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கருவி நம்பகமானதுதான். ஒற்றைப் பந்தை வைத்து முடிவெடுக்கக்கூடாது.

டிவியில் வரும் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடவும் வேண்டாம். அங்கே கருவி வேறு, வைக்கும் இடம் வேறு.

இனி பையன்களுக்கு வருகிறேன். என்னிடம் ஒருவன் இருக்கிறான். மணிக்கட்டு பந்துக்குப் பின்னால் அப்படியே நிற்கும், சீம், அதாவது பந்தின் தையல், ஆடாமல் ஸ்லிப்பைப் பார்த்தபடி போகும், கடைசி நேரத்தில் வெளியே திரும்பும். கற்றுக்கொடுத்து வருகிற விஷயம் இல்லை அது. வேகம் 115-ஐ ஒட்டி. போன் ஆப்பில் எண் வர ஆரம்பித்ததும் பக்கத்து நெட்டில் 123 போடுகிறவனோடு போட்டி. கொஞ்ச நாளில் ரன்-அப் நீண்டது, தலை இடது பக்கம் சாய ஆரம்பித்தது, கை பக்கவாட்டில் இறங்கியது. எண் 119 ஆனது. பந்து வெளியே திரும்பும் அந்த ஸ்விங் போய்விட்டது. நாலு கிலோமீட்டர் வரவு. அவன் பந்துவீச்சில் பார்க்கத் தகுந்ததாக இருந்த ஒரே சங்கதி செலவு. "சார், நாலு ஏறியிருக்கு சார்" என்று சந்தோஷமாகச் சொல்கிறான், என்ன பதில் சொல்வது?

அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாகிஸ்தான் அணிதான் ஞாபகம் வருகிறது. இம்ரான் கான், வாசிம் அக்ரம், வக்கார் யூனிஸ், சோயப் அக்தர் என்று வரிசையாக வந்த நாட்டில் வேகப்பந்து வீச்சு ஏன் இப்படிச் சரிந்தது என்று பேச்சு வந்தால், எல்லோரும் டிவி மூலையில் இருக்கும் எண்ணைத்தான் காட்டுகிறார்கள். முன்னணி வேகப்பந்து வீச்சாளர் ஷாஹீன் அஃப்ரிடியே 131 போடுகிறார், போச்சு, முடிந்தது கதை என்கிறார்கள். எண் இறங்கியது உண்மை. ஆனால் அது ஏன் இறங்கியது என்று பாருங்கள். 2022 ஜூலையில் இலங்கையின் காலி நகரில் நடந்த டெஸ்டில் ஃபீல்டிங் செய்யும்போது முழங்காலில் அடி. லண்டனில் சிகிச்சை. அக்டோபரில் டி20 உலகக் கோப்பைக்குத் திரும்பிவிட்டார். மெல்பர்ன் இறுதிப் போட்டியில் ஹாரி புரூக் அடித்த கேட்சைப் பிடித்துக்கொண்டு விழும்போது அதே கால். தன்னுடைய மூன்றாவது ஓவரில் ஒரு பந்து போட்டார், முடியவில்லை, வெளியே போய்விட்டார். 2.1 ஓவர். முழங்காலில் நடந்ததுதான் பிறகு எண்ணாகத் தெரிந்தது. எண்ணைப் பார்த்துத் திட்டுகிறவர்களுக்கு முழங்கால் கண்ணில் படுவதில்லை.

சரி, வேகம்தான் எல்லாம் என்றால் ஹாரிஸ் ரவூஃபைப் பாருங்கள். டென்னிஸ் பந்தில் டேப் சுற்றி ஆடும் டேப்-பால் கிரிக்கெட்டிலிருந்து வந்தவர். என் கருவி அவரைக் கண்டால் ஆனந்தத்தில் ஆடும்: 150-ஐத் தொடும் வேகம். 2023 ஒருநாள் உலகக் கோப்பையில் அவர் விட்டுக்கொடுத்தது 533 ரன். ஒரே உலகக் கோப்பையில் எந்தப் பந்துவீச்சாளரும் அதற்கு முன் அவ்வளவு கொடுத்ததில்லை. விக்கெட்டும் 16 எடுத்தார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இன்றைய பேட்டர்களுக்கு நேராக வரும் 148 பயமில்லை. மட்டையை வைத்தால் தேர்ட் மேன் பக்கம் எல்லைக்குப் போய்விடுகிறது.

எதிர்ப்பக்கம் முகமது அப்பாஸ். கருவியைக் கேட்டால் இவர் வேகப்பந்து வீச்சாளரே இல்லை என்று சொல்லிவிடும். 125, 128 என்று போய்க்கொண்டிருக்கும். 2018-இல் அபுதாபியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரே டெஸ்டில் 10 விக்கெட். அப்படிப்பட்டவரை 2021-க்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் டெஸ்ட் அணியில் காணோம். 2024 டிசம்பரில் செஞ்சூரியனில் திரும்ப வந்தார். தென்னாப்பிரிக்காவுக்கு வெற்றி இலக்கு வெறும் 148. அப்பாஸ் 54 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து ஆட்டத்தைக் கடைசிவரை இழுத்துவந்தார். 2 விக்கெட்டில்தான் தோற்றார்கள். அவருடைய வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தேர்வாளர்கள் பார்த்த எண்தான் அவரை இத்தனை நாள் வெளியே உட்காரவைத்தது என்று நான் நினைக்கிறேன். முகமது ஆசிஃபும் இதே ரகம்: 23 டெஸ்டில் 106 விக்கெட். அவர் கதை கெட்டது வேகத்தால் இல்லை, 2010 லார்ட்ஸ் டெஸ்டில் பணத்துக்காக வேண்டுமென்றே நோ-பால் போட்ட விவகாரத்தால்.

வாசிம் அக்ரம் 1999-இல் சென்னையில் திராவிடுக்குப் போட்ட பந்து, ஆஃப் ஸ்டம்பைத் தட்டிவிட்டுப் போனதே, அதன் வேகம் என்ன என்று யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

எண்ணுக்குத் தெரியாத வேறு விஷயங்களும் நடந்திருக்கின்றன. பாகிஸ்தான் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது ரிவர்ஸ் ஸ்விங்கை, அதாவது தேய்ந்த பழைய பந்தை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பவைப்பதை. 1979-இல் மெல்பர்னில் சர்ஃபராஸ் நவாஸ் 86 ரன்னுக்கு 9 விக்கெட் எடுத்த நாளிலிருந்து அது அவர்களுடைய சொத்து. 2011 அக்டோபரிலிருந்து ஒருநாள் ஆட்டத்தில் இரு முனைக்கும் இரண்டு புதுப் பந்து என்று விதி வந்தது. ஒரு பந்துக்கு 25 ஓவர்தான், அதற்குள் அது எங்கே தேய்ந்து ரிவர்ஸ் ஆவது? 2025 ஜூலையில்தான் 34 ஓவருக்குப் பிறகு ஒரே பந்து என்று மாற்றினார்கள். நடுவில் பந்தைப் பளபளப்பாக்க எச்சில் தடவவும் தடை வந்தது. இது எல்லா நாட்டுக்கும் பொதுவான விதிதான். ஆனால் பெரிய நஷ்டம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

பிட்ச் விவகாரம் அவர்களே இழுத்துக்கொண்டது. 2022 மார்ச்சில் ராவல்பிண்டியில் ஆஸ்திரேலியாவோடு ஆடிய டெஸ்டில் ஐந்து நாளில் மொத்தம் விழுந்தது 14 விக்கெட். அதே ஆண்டு டிசம்பரில் அதே மைதானத்தில் இங்கிலாந்து முதல் நாளே 506 அடித்தது. 2024 அக்டோபரில் முல்தானில் அதே இங்கிலாந்து 823. ஒரே இன்னிங்ஸில் ஆறு பந்துவீச்சாளர்கள் நூறு நூறாகக் கொடுத்தார்கள். அப்புறம் என்ன செய்தார்கள்? ஷாஹீனையும் நசீம் ஷாவையும் உட்காரவைத்துவிட்டு, ஆடிய அதே பிட்சில் மறுபடி ஆடினார்கள். ஸ்பின்னர்கள் சாஜித் கானும் நோமான் அலியும் சேர்ந்து 20 விக்கெட்டையும் எடுத்தார்கள், தொடரும் கையில் வந்தது. வெற்றி வெற்றிதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஊரில் பதினைந்து வயதில் வேகமாகப் போட நினைக்கும் பையன் அதிலிருந்து என்ன புரிந்துகொள்வான்?

அதற்கு முன், 2024 ஆகஸ்டில் நடந்த கதை இன்னும் மோசம். ராவல்பிண்டியில் நான்கு வேகப்பந்து வீச்சாளர்கள், ஒரு முழுநேர ஸ்பின்னர்கூட இல்லாமல் இறங்கி, 448-இல் டிக்ளேர் செய்து, வங்கதேசத்திடம் 10 விக்கெட்டில் தோற்றார்கள். அடுத்த டெஸ்டும் அதே மைதானம். பாகிஸ்தானின் இரண்டாவது இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் எடுத்தவர்கள் வேகப்பந்து வீச்சாளர்கள்தான்: ஹசன் மஹ்மூத் 5, நஹித் ராணா 4, டஸ்கின் 1. அதாவது, அந்த மண்ணில் வேகத்துக்கு வேலை இருந்தது. வேலை செய்தவர்கள் வங்கதேசத்துக்காரர்கள்.

சரி, கருவிக்கே திரும்புகிறேன். இதை எதற்குப் பயன்படுத்துவது? எனக்கு உதவியது ஒரே ஒரு விஷயத்தில். பையனின் முதல் ஓவர் சராசரியையும் ஐந்தாவது ஓவர் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறேன். நாலைந்து கி.மீ. இறங்கினால் சும்மா களைப்பு. எட்டு, பத்து என்று சடாரென்று இறங்கினால் அன்றைக்கு அவனுக்கு அவ்வளவுதான், பந்தை வாங்கிக்கொள்வேன். முதுகு வலிக்கிறதா என்று கேட்டால் இந்த வயதுப் பையன்கள் உண்மையைச் சொல்வதில்லை; அணியில் இடம் போய்விடும் என்ற பயம். எண் பொய் சொல்லாது. வளரும் வயதில் கீழ் முதுகெலும்பில் வரும் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது ஓயாத அழுத்தத்தால் எலும்பில் விழும் கீறல், அப்படியே ஒரு வருஷத்தைத் தின்றுவிடும். வக்கார் 1992 உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பையே அப்படித்தான் இழந்தார். நசீம் ஷா 16 வயதில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட வந்துவிட்டார். 2023 ஆசியக் கோப்பையில் தோள் போய் உலகக் கோப்பை இல்லை. பாகிஸ்தானின் டி20 லீக்கான பி.எஸ்.எல்-லில் 150-ஐத் தாண்டிக் கண்ணில் பட்ட இஹ்சானுல்லாவுக்கு முழங்கை. எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் இருந்த ஆர்வம், அதே எண்ணைப் பார்த்து ஓய்வு கொடுப்பதில் இருந்திருந்தால் என்று தோன்றுகிறது.

குறைகள் எல்லாம் ஆப்பில்தான். ஒரு பயிற்சிக்கு அதிகபட்ச வேகம், சராசரி, இரண்டை மட்டுமே சேமிக்கிறது. ஓவர்வாரியாகப் பிரித்துக் காட்டத் தெரியவில்லை, அதனால் நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதவேண்டியிருக்கிறது. கருவி ஒவ்வொரு பந்தையும் அளக்கிறது, ஆப் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறது; இது என்ன நியாயம் என்று புரியவில்லை. பையன்களின் போனில் ஆப்பை அழித்துவிட்டேன், என் போனில் மட்டும் இருக்கிறது. அதிலும் ஒரு கஷ்டம். அன்றைய அதிகபட்ச வேகத்தை யாராவது தாண்டிவிட்டால் விசில் அடித்து, திரை முழுக்கக் கோப்பைப் படம் போடுகிறது. அந்த விசிலை நிறுத்த அமைப்புகளில் வழியே இல்லை. பாக்கெட்டில் விசில் கேட்டதும் ரன்-அப்பில் நிற்கும் பையன் என் முகத்தைப் பார்க்கிறான், "சார், எவ்ளோ?" என்று. சொல்லமாட்டேன் என்றால் அடுத்த பந்தை இன்னும் வேகமாகப் போடுகிறான். இப்போதைக்கு போனை சைலண்டில் போட்டு, கிட் பேக்கின் அடியில் வைத்துவிட்டுத்தான் நெட்ஸையே ஆரம்பிக்கிறேன்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். ஓவர்வாரிக் கணக்கு இல்லாததற்கு ஒன்று போயிற்று. மீதி அரை, அந்த விசிலுக்கு.