எடிட் விளையாட்டுக்கு ரா கோப்பைக் கொடுக்காதீர்கள்

சூரியன் உதிக்கிற பக்கத்திலேயே முழுநிலாவும் நின்றது. மூணாறு பக்கம் ஒரு விடுதியின் வரவேற்பறையில், ஆறடி அகலக் கான்வாஸில். நண்பன் வீட்டுத் திருமணத்துக்குப் போன இடத்தில் அதைப் பார்த்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. முழுநிலா என்றால் சூரியனுக்கு நேர் எதிரே அல்லவா இருக்க வேண்டும்? கிழக்கே சூரியன் எழும்போது அது மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும். இதுகூடத் தெரியாமல் யார் ஒட்டியது என்று பார்க்க அருகில் போனேன். நிலாவுக்குக் கீழே இருந்தது நான் எடுத்த மலை.

சந்தேகத்துக்கு இடமே இல்லை. இடது ஓரத்தில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே சாய்ந்த இரும்புக் கம்பம், அதில் கட்டித் தொங்கும் நீலப் பிளாஸ்டிக் கயிறு. அந்தக் கயிற்றை அழிக்கலாமா, விட்டுவிடலாமா என்று ஒரு மாலை முழுக்க யோசித்து, இருக்கட்டும் என்று விட்டவன் நான். வலது மூலையில் பொன்னிற எழுத்தில் வேறொருவர் பெயர்.

அவரை எனக்கு நன்றாகத் தெரியும். மதுரையில் நாங்கள் எட்டுப் பேர், வேலை முடிந்த நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள். மாதம் ஒருவர் தன் நிலக்காட்சிப் படம் ஒன்றின் ரா கோப்பை, அதாவது கேமரா பதிவு செய்த மூலக் கோப்பை அப்படியே, பொதுக் கோப்புறையில் போடுவார். மற்ற ஏழு பேரும் அதை அவரவர் மனம்போல எடிட் செய்து காட்டுவார்கள். கடைசி ஞாயிறு ஒருவர் வீட்டு மாடியில் காப்பியோடு கூடி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இந்த விளையாட்டில் நான் கற்றது கொஞ்சநஞ்சமல்ல. என் கொழுக்குமலைப் படத்தைக் கல்லூரி மாணவி ஒருத்தி கறுப்பு வெள்ளையாக்கி, மேகப் பரப்பை முழுக்க வெளிறவிட்டு, மலைமுகடுகளை மட்டும் கரிக்கோடுபோல நிறுத்தியிருந்தாள். நான் வண்ணத்துக்காக எடுத்த படம் அது. அதில் இப்படி ஒரு படம் ஒளிந்திருந்தது அவள் காட்டும்வரை எனக்குத் தெரியாது.

அந்தப் படத்துக்காக ஜனவரிக் குளிரில் சூரியநெல்லியிலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப் ஏறினேன். மலை நம் தேனி மாவட்டத்தில். ஜீப் பாதையோ கேரளத்திலிருந்து. பாதை என்று சொல்வதே மரியாதைக்குத்தான், உருண்டு கிடக்கும் கற்கள்தான் எல்லாம். மேலே முக்காலியை ஊன்றி, வெளிச்சம் குறைவாக ஒன்று, சரியாக ஒன்று, அதிகமாக ஒன்று என்று மூன்று படம் எடுத்தேன். நடுவில் இருந்ததைத்தான் கோப்புறையில் போட்டேன்.

எங்களில் மூத்தவர், அந்தப் பொன்னிற எழுத்துக்காரர்தான், அதன் வானத்தையே மாற்றி நிலாவை வைத்தார். 2020க்குப் பிறகு ஃபோட்டோஷாப்பில் வானம் மாற்றுவதற்கென்றே தனி வசதி இருக்கிறதே. "சார், நிலாவுக்குத் திசை தெரியவில்லை" என்று கேலி செய்தோம். அவரும் சிரித்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

விடுதியிலிருந்தே அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். துளிகூடத் தடுமாறவில்லை மனிதர். "தம்பி, மலை உங்களுடையது, வானம் என்னுடையது. படத்தில் பாதிக்கு மேல் வானம்தானே?" என்றார். அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. அதே படம் ஒரு போட்டியில் இரண்டாம் பரிசும் வாங்கியிருக்கிறது. நிலாவின் திசையை நடுவர்களும் கவனிக்கவில்லை.

போட்டி நடத்தியவர்களுக்கு எழுதினேன். இருவரிடமும் ரா கோப்பைக் கேட்டார்கள். இங்கேதான் என் மடத்தனம் எனக்கு உறைத்தது. ரா கோப்பு என்பது ஃபிலிம் காலத்து நெகட்டிவ் மாதிரி. நாம் வழக்கமாகப் பகிரும் எட்டு பிட் ஜேபெக் (JPEG) படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். பதினான்கு பிட் ரா கோப்பில் 16,384. எடிட் செய்ய இடம் தருவது அந்தப் படிகள்தான். படம் யாருடையது என்ற கேள்வி வந்தால் எல்லோரும் முதலில் கேட்பதும் அந்தக் கோப்பைத்தான். அதை நானே ஏழு பேருக்குத் தூக்கிக் கொடுத்திருந்தேன். அவரும் அனுப்பினார், நானும் அனுப்பினேன். இரண்டும் ஒன்றே.

கோப்புக்குள் என் கேமராவின் வரிசை எண் இருக்கிறதே என்றேன். "அன்று தம்பியின் கேமராவை வாங்கி நான்தான் எடுத்தேன்" என்று அவரிடமிருந்து பதில் வந்தது. தம்பி என்றது என்னைத்தான். மற்ற இரண்டு படங்களையும் அனுப்பினேன். கேமரா தம்பியுடையது, கார்டும் தம்பியிடம்தான் இருக்கும் என்றார். கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டிருக்கும்.

கடைசியில் காப்பாற்றியது தொழில்நுட்பம் அல்ல, எங்கள் வாட்ஸ்அப் உரையாடல். நான் அந்தக் கோப்பைப் போட்ட அன்று இரவு அவர் எழுதியிருந்தார்: "அருமை தம்பி! இது எந்த இடம்? மேகமலையா?" தானே எடுத்த படத்துக்கு இடம் கேட்டவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். இடையில் நான் தொலைபேசியை மாற்றியிருந்தேன். பழைய உரையாடல்கள் தப்பியது என் அதிர்ஷ்டம்.

போட்டிக்காரர்கள் பட்டியலிலிருந்து அவர் பெயரைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். அறிவிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. விடுதி மேலாளர், பணம் கொடுத்து வாங்கியிருக்கிறோம், ரசீது இருக்கிறது, விற்றவரைக் கேளுங்கள் என்றார். வழக்கறிஞர் நண்பர் ஒருவர் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைப் பிரித்து வைத்து விளக்கினார். எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்காமல் உரிமை கைமாறாது என்கிறது 19ஆம் பிரிவு. எடிட் செய்து பாருங்கள் என்று வாயால் சொன்னது, விற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னதாகிவிடாது. எடுத்தவன் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவில் தனியாகவே இருக்கிறது. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தெரிந்தே மீறினால் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைகூட உண்டு. சட்டமெல்லாம் என் பக்கம்தான். ஆனால் வழக்குக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டபோது அந்தக் கான்வாஸையே நான்கைந்து வாங்கிவிடலாம் போலிருந்தது. விட்டுவிட்டேன். நிலா இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

எட்டுப் பேரில் ஐந்து பேர் இப்போதும் கூடுகிறோம். ஆனால் யாரும் ரா கோப்பைப் போடுவதில்லை. நீளப் பக்கம் 2,000 பிக்சலுக்குச் சுருக்கிய பதினாறு பிட் டிஃப் (TIFF) படக்கோப்புதான். எடிட் பழக அது தாராளம். நல்ல தரத்தில் அச்சிடப் போனால் ஏழு அங்குலம்கூடத் தேறாது. சுருக்கும் முன் நான்கு ஓரங்களிலும் கொஞ்சம் வெட்டிவிடுகிறோம். வெட்டிய ஓரம் எடுத்தவரிடம் மட்டுமே இருக்கும். நாளைக்குத் தகராறு வந்தால் அதை அவர் மட்டும்தான் காட்ட முடியும். பெரும்பாலான கேமராக்களின் மெனுவிலேயே நம் பெயரை ஒருமுறை எழுதி வைத்தால் ஒவ்வொரு படத்தோடும் அது போகும். அழிக்கத் தெரிந்தவர் அழித்துவிடுவார், இருந்தாலும் எழுதி வையுங்கள். ஆறு ஆண்டுகளாக நான் அந்த மெனுவைத் திறந்ததே இல்லை. கோப்பைப் பகிரும்போது, பழகுவதற்கு மட்டும், வெளியிடவோ போட்டிக்கு அனுப்பவோ விற்கவோ கூடாது என்று ஒரு வரியும் எழுதிவிடுகிறோம். அந்த உரையாடலை யாரும் அழிப்பதில்லை.

பெயரைச் சொல் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சொல்லப் போவதில்லை. ஆனால் ஆளைக் கண்டுகொள்வது எளிது. புதிதாகக் கேமரா வாங்கியவர்களிடம், "உங்கள் ரா கோப்பை அப்படியே அனுப்புங்கள் தம்பி, எடிட் செய்வது எப்படி என்று நான் காட்டுகிறேன்" என்று இப்போதும் அன்பாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். போன வாரம் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பையன் என்னிடம் வந்து, சார் நல்லவரா என்று விசாரித்தான். ஏற்கெனவே பதினொரு கோப்புகள் அனுப்பிவிட்டானாம்.